மாலைக்கு ஒரு முகம்

என் கல்யாண ஆல்பத்தில் நான் காற்றுக்குத் தாலி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஐயர் மும்முரமாக மந்திரம் சொல்கிறார். என் அக்கா, நாத்தனார் முடிச்சுப் போடுவதற்காக, இல்லாத ஒரு கழுத்துக்குப் பின்னால் குனிந்து நிற்கிறாள். எனக்கோ முகமெல்லாம் பல். விவாகரத்து ஆன மறுவாரமே பவித்ரா தன் முகத்தை மீட்டுக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்த ஆல்பத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள்மேல்தான் கோபம். அக்காகூடச் சிரித்தாள்.

முக மீட்புச் சட்டம் நல்ல சட்டம்தான். யார் முகத்தை வேண்டுமானாலும் எடுத்து, அவர் செய்யாததையெல்லாம் செய்ததாகப் படம் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் வந்தது அது. அப்போது பெண்பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். கண்ணைக் காட்டி ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் போதும். உலகத்திலுள்ள எல்லாப் போன்களிலிருந்தும், ஆல்பங்களிலிருந்தும், சுவரில் மாட்டியிருக்கும் திரைகளிலிருந்தும் அந்த ஆள் காணாமல் போய்விடுவார். அதன் பிறகு எந்தப் போனைக் காட்டினாலும் அவருக்குப் பின்னாலிருக்கும் சுவர்தான் தெரியும். முதலில் முகத்தை மட்டும் அழித்துப் பார்த்தார்களாம். கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாத ஆட்களைப் பார்த்துக் குழந்தைகள் பயந்துகொண்டதால் ஆளையே எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் மீட்ட முகத்தைத் திரும்பவும் உலகத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு அதே கண் வேண்டும், உயிரோடு.

வீடுகளில் காகிதப் படம் வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு முன்பே ஒழிந்துவிட்டது. இந்தச் சட்டத்துக்கெல்லாம் கட்டுப்படாத ஒரே ஆள் ஃபிலிம்தான். அதற்குத் தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான். ஐரோப்பாவில் ஒரு சின்னத் தொழிற்சாலை இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறது. எங்களைப் போன்ற கிறுக்கர்கள் காத்திருந்து வாங்கிக்கொள்கிறோம்.

நான் பல் செட் செய்கிறவன். கோயமுத்தூரில் பாதிப்பேர் என் பல்லால்தான் முறுக்குக் கடிக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நான் ஒருவன், கேமராக்கள் முப்பதுக்கு மேல். எல்லாம் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிளறி எடுத்தவை. ஒரு யாஷிகா இருக்கிறது. அதில் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும், உலகம் இடம் வலம் மாறித் தெரியும், நாம் வலப்பக்கம் திருப்பினால் படம் இடப்பக்கம் ஓடும். முதல் ஒரு மாதம் யாரும் தடுமாறாமல் இருக்க முடியாது. ஒரு ஜெனிட் இருக்கிறது, அதன் ஷட்டரைத் தட்டினால் வரும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது ஆக்ஃபா கிளிக் 3. சும்மா ஒரு டப்பா. வெயிலா மேகமா என்று ஒரு சின்ன முள்ளைத் தள்ளிச் சொல்லிவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஒரு சுருளில் பன்னிரண்டே படம். பன்னிரண்டுதான் என்று தெரிந்துவிட்டால் மனுஷன் எதையும் நின்று பார்ப்பான். வெறும் கேமராவை வைத்துக்கொண்டு, ஃபிலிம் போடாமல், வீட்டுக்குள் நடந்து நடந்து ஜன்னலையும் நாற்காலியையும் தட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு எத்தனையோ சாயங்காலங்கள் போயிருக்கின்றன. தனியாக இருப்பவனுக்கு அது ஒரு பேச்சுத்துணை.

எங்களுக்கு ஒரு ஞாயிறு வட்டம் உண்டு. ரேஸ்கோர்ஸ் மரங்களுக்கடியில் கூடுவோம், ஆளுக்கொரு திசையில் போய்ப் படம் எடுப்போம், திரும்பி வந்து ஷட்டரைப் பற்றி மட்டும் பேசுவோம். எங்களுக்குள் இரண்டு வழக்கங்கள். எடுத்த சுருளை உடனே கழுவக்கூடாது, குளிர்சாதனப் பெட்டியில் தூங்க விட வேண்டும். எடுத்த சூட்டோடு பார்த்தால் நம் ஆசைதான் தெரியும், மறந்தபின் பார்த்தால்தான் படம் தெரியும் என்பது எங்கள் சித்தாந்தம். இன்னொன்று, அச்சுப்போட்ட படத்தை யாருக்காவது கொடுப்பதற்கு முன் போனை எடுத்து அதன்மேல் ஒருமுறை காட்டிப் பார்ப்பது. படத்தில் இருப்பவர் முகத்தை மீட்டவர் என்றால் போனில் அவர் தெரிய மாட்டார். அப்படிப்பட்ட படத்தைக் கொடுப்பது குற்றம். கிழித்துப் போட்டுவிடுவோம்.

ரம்யப்பிரியா என்ற அம்மா ஒருநாள் உடுமலையிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்த கேமராக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எம் பொண்ணு படம் ஒண்ணு உங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க. அதானுங்க வந்தேன்” என்றார்.

அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். கணவர் போன புரட்டாசியில் இறந்துவிட்டார். கூடத்தில் அவர் படம் மாலையோடு இருக்கிறது. குடும்பமாக எடுத்துக்கொண்ட ஒரு படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி மாட்டியது. யார் தோளிலோ போட்டமாதிரி அவருடைய இடக்கை இன்னும் வளைந்தே இருக்கிறது, கைக்குக் கீழே தோள் இல்லை. அங்கே நின்றவள் மகள் மகிழினி. கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தவள், பதினைந்து வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டாம் வருஷம் படிக்கும்போதே முகத்தை மீட்டிருந்தாள். கல்லூரியில் எவனோ அவள் முகத்தை வைத்து ஒரு வீடியோ செய்துவிட்டான். என்ன வீடியோ என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“அவளக் குத்தம் சொல்ல முடியாதுங்க. மீட்டுக்க சாமின்னு நாந்தான் சொன்னேன். எப்ப வேணாலும் திருப்பி வாங்கிக்கலாம்னு அப்ப சொன்னாங்க. இப்படிப் போயிருவான்னு யாருங்க கண்டா?”

மகள் இறந்தபோது ஊரில் வைத்த கண்ணீர் அஞ்சலிப் பலகையில் பெயர் இருந்ததாம், நடுவில் வெறும் நீல வானம் இருந்ததாம். இறந்தவளின் கண்ணை எங்கே போய்க் கொண்டுவருவது? சட்டம் எழுதினவர்கள் மாலை போட ஒரு படம் வேண்டியிருக்கும் என்பதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் மகளின் விடுதித் தோழியைப் பார்த்திருக்கிறார். அந்தத் தோழிதான் சொல்லியிருக்கிறாள், கல்லூரிக்கு ஒரு பழைய கேமராக்காரர் வந்தார், மகிழினி அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள் என்று. பிறகு எங்கள் ஞாயிறு வட்டத்தில் விசாரித்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பெண்கள் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. கிளிக் 3-ஐ எடுத்துக்கொண்டு போய் விளக்கிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பன்னிரண்டு படம் எடுத்தேன். அதில் ஒரு பெண் உட்காருவதற்கு முன் கேட்டாள், “போன்ல நான் வரமாட்டேன் சார். இதுல வருவேனா?” இதுக்குச் சட்டமெல்லாம் தெரியாதும்மா என்றேன். “அப்ப எடுங்க” என்றாள். அந்தக் கேள்விதான் நினைவிருந்தது. கேட்டவளின் முகம் நினைவில்லை. எங்கள் வழக்கப்படி தூங்க விட்ட சுருள், என் சோம்பலால் முட்டை வைக்கும் தட்டுக்குப் பின்னால் இத்தனை வருஷம் தூங்கிவிட்டது.

இதைச் சொன்னதும் அவர் எழுந்து போய் அந்தக் கிளிக் 3-ஐப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, “லீவுக்கு வந்தப்பக்கூட எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க” என்றார். முன்பின் தெரியாத ஒருவனிடம் மகள் தன் முகத்தைக் கொடுத்ததைத் தன்னிடம் சொல்லக்கூட இல்லையே என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது.

நிரப்பி போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். நிரப்பி என்பது, மீட்டவர்கள் விட்டுப்போன ஓட்டைகளை அடைக்கிற ஒரு செயலி. அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் கலந்து புதிதாக ஒரு பிள்ளையைச் செய்து அந்த இடத்தில் நிறுத்திவிடும். அது நிஜ ஆள் இல்லை என்பதால் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை.

“போட்டிருக்கறனுங்க. பாத்துக்கறதுக்கு அது போதும். ஆனா பொய்க்கு மாலை போடறது எப்படிங்க? அவரு பக்கத்துல அவ இருக்கோணும். தனியாத் தொங்கீட்டு இருக்காருங்க.”

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

குற்றம்தான், தெரியும். ஆனால் என்னைத் தடுத்தது சட்டம் இல்லை. அந்தப் பெண் உலகத்திடமிருந்து தன்னை எடுத்துக்கொண்டவள். எனக்கு முன்னால் உட்கார்ந்தாள் என்பதற்காக அவளை நான் எடுத்துக் கொடுத்துவிடலாமா? இரண்டு நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். யாருக்கும் காட்டாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. எடுங்கள் என்றுதான் சொன்னாள். பார்ப்பதற்கு ஆளே இல்லாத ஒரு படத்தை யாராவது எடுக்கச் சொல்வார்களா? மூன்றாம் நாள் சுருளை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

நான் காபியில் கழுவுகிறவன். இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி. மூன்றையும் கலந்தால் வீடு நாறும், ஆனால் ஃபிலிம் அதில் நன்றாகவே கண் திறக்கும். பழைய சுருள் என்பதால் ஓரமெல்லாம் புகை படிந்திருந்தது, நடுவில் பன்னிரண்டு பேரும் பத்திரமாக இருந்தார்கள். நெகட்டிவில் கறுத்த முகமும் வெளுத்த தலைமுடியுமாக யாரும் யார் மாதிரியும் இல்லை. குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அச்சுப் போட்டேன். வெறும் வெள்ளைத் தாள் மருந்துத் தண்ணீருக்குள் கிடக்கும். முதலில் புருவம் வரும், பிறகு கண், பிறகு திடீரென்று ஒரு பெண் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். அந்த வீட்டுக்கு வேறு யாரும் அப்படி வந்ததில்லை.

போனை வேண்டுமென்றே வேறு அறையில் வைத்திருந்தேன். மகளை அம்மாதான் கண்டுபிடிக்க வேண்டும், போன் அல்ல. ஆனாலும் எனக்குள் ஒரு ஊகம் இருந்தது. மூன்றாவது படத்தில் ஒரு பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்த்தாள். இவள்தான், இவ்வளவு பட்ட முகம் வேறு யாருக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். பன்னிரண்டு படங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தேன். தொடுவதற்கு முன் கையைக் கழுவிவிட்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஊகித்த பெண்ணைச் சட்டென்று தாண்டிப் போனார். ஒரு பெண் தெத்துப்பல் முழுசும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே நின்று, “இந்தப் புள்ள பல்லப் பாருங்க” என்று அவரும் லேசாகச் சிரித்தார். என் தொழிலுக்காகச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். நாலு படம் தள்ளிப் போனதும் அவர் விரல் நின்றுவிட்டது.

“இவதானுங்க” என்றார்.

வட்ட முகம், நடு வகிடு, அமைதியான ஒரு புன்னகை. படத்தைக் கையில் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சத்தம் இல்லாமல் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் சுற்றி ஜன்னலையும் மரத்தையும் எடுத்துக்கொண்டிருந்ததற்கு இந்த ஒரு படம் போதும் என்று நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று அவர் உள்ளே போனார். நான் படத்தை உறையில் போட எடுத்தேன்.

கை பழகிப்போனதுதான் காரணம். யோசிக்காமலே போனை எடுத்து அதன்மேல் காட்டினேன்.

போனில் அந்தப் பெண் அப்படியே இருந்தாள். வகிடும் புன்னகையும் எதுவும் மாறவில்லை. கீழே பெயர்கூட வந்தது. அக்ஷிதா, ஓசூர். இன்று காலையில் தன் பையனின் சாப்பாட்டு டப்பாவைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள்.

நான் மேசைக்குப் போய் மற்றப் படங்களின்மேல் போனை நகர்த்தினேன். உதட்டை இறுக்கிக்கொண்டவள் போனிலும் இறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொருத்தியும் இருந்தாள். தெத்துப்பல் பெண்ணிடம் வந்தபோது போனில் ஒரு ஸ்டூல் இருந்தது, வராந்தாச் சுவர் இருந்தது, சுவரில் கொஞ்சம் வெயில் இருந்தது.

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் கொடுத்து அனுப்பிவிடலாம். அவர் சந்தோஷமாகப் போவார், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஓசூரில் பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு உடுமலையில் மாலை போட்டு விளக்கேற்றுவதா? உயிரோடு இருப்பவள் படத்துக்கு மாலை என்றாலே எனக்கு உடம்பு கூசியது. சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், பெற்ற மகளைப் பார்த்துப் பல்லைப் பாருங்கள் என்று சிரித்துவிட்டுப் போனீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அந்த நேரத்தில் பவித்ராவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். உடனே வந்தது. வந்தது அவள்தானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் திரும்பி வந்தார். “கொஞ்சம் உக்காருங்க” என்றேன். தெத்துப்பல் பெண்ணின் படத்தை அவர் முன்னால் நகர்த்தி, மேலே போனைப் பிடித்தேன்.

அவர் போனில் ஸ்டூலைப் பார்த்தார். போனுக்குக் கீழே படத்தில் பெண்ணைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார்.

“இது யாருங்க?” என்றார்.

அவர் என் கையைப் பிடித்துப் போனை மெதுவாக நகர்த்தினார், திரும்பவும் கொண்டுவந்தார், மறுபடி நகர்த்தினார். போன் போனால் அந்தப் பெண் சிரித்தாள், போன் வந்தால் சுவர்.

“பதினஞ்சு வருசமா அந்த நிரப்பிப் படத்தத்தான் பாத்துட்டு இருந்தேன்” என்றார். “அதுக்கும் இதே வட்ட முகந்தானுங்க. காலைல எந்திரிச்சா அது, படுக்கப் போனா அது. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நாங் கேக்கல.”

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடிக்கவில்லை.

“ஒம்பதாவது படிக்கறப்ப இந்தப் பல்லுக்குக் கம்பி போடலாம்னு கூட்டீட்டுப் போனனுங்க. மாட்டேன்னு ரோட்டுலயே உக்காந்துட்டா. எத்தன கூப்புட்டும் எந்திரிக்கல. அது ஞாபகம் இருக்குதுங்க. பல்லு ஞாபகம் இருக்குது. முகந்தான் வரமாட்டேங்குது.”

அந்தப் பெண் தெத்துப்பல்லைக் காட்டி எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் தன் முகத்தைக் கெடுத்த பிறகும் அப்படிச் சிரித்திருக்கிறாள். அதை எடுத்தவன் நான், அவளைப் பெற்றவர் அவர், இருவருக்குமே அவளைத் தெரியவில்லை. எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது.

அவர் தான் எடுத்து வைத்திருந்த படத்தை என் பக்கம் தள்ளினார். “இந்தப் பொண்ணு நல்லா இருக்கோணும். இத நீங்களே வெச்சுக்கங்க.” பிறகு மற்றதை எடுத்து உறைக்குள் போட்டு, உறையைக் கைப்பையில் வைத்து மூடினார். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரட்டுமா, மாலை போடுவதற்கு வாட்டமாக இருக்கும் என்று கேட்டேன்.

“இப்ப வேண்டாங்க” என்றார். “ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போறேன். கொஞ்ச நாளு கண்ணுக்கு எதுக்கால வெச்சுப் பழகிக்கறனுங்க. பழகாத புள்ளைக்கு எப்படிங்க மாலை போடறது?”

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே போனேன். உடுமலை பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கைப்பையைத் திறந்து உறையை எடுத்து, படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸும் வந்து போனது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் வீட்டுக்குப் போய் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.